தொடக்கப் பள்ளியின் நூலகர்

நூலகர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது பெரும்பாலும் ஒரே காட்சிதான். பெரிய கூடம், உயர்ந்த அடுக்குகள், 'அமைதி காக்க' என்று எழுதிய பலகை, மேசைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியோடு ஒருவர். கல்லூரிக்கும் நகரத்துப் பொது நூலகத்திற்கும் இக்காட்சி பொருந்தும். ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகள் பயிலும் தொடக்கப் பள்ளிக்கு இது பொருந்தாது. அங்கே கூடம் இல்லை. ஓர் அலமாரி உண்டு. அமைதியும் இல்லை, இருத்தலும் கூடாது. நூலகர் என்ற பெயரில் தனியே ஒருவரும் இல்லை. அலமாரியின் சாவியை வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவர் உண்டு. அந்த ஆசிரியரின் பொறுப்பு யாது, அது ஏன் பெரிய பொறுப்பு என்பதைப் பற்றியே இன்று சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன். தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நான் கண்டவற்றை ஒட்டியே இக்கருத்துகள் அமையும்.

முதலில் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். குழந்தைகளின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2009ஆம் ஆண்டில் நிறைவேறி, 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருத்தல் வேண்டும் என்றும், அதில் செய்தித்தாள்களும் பருவ இதழ்களும் கதை நூல்கள் உட்படப் பல பொருள்களைப் பற்றிய நூல்களும் இருத்தல் வேண்டும் என்றும் அதன் அட்டவணை விதிக்கிறது. அதே அட்டவணை, 60 மாணவர் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர் என்று கணக்கிடுகிறது. ஆனால் நூலகர் ஒருவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆக, நூலகம் வேண்டும் என்று சட்டம் சொல்லிற்று. அதை நடத்துபவர் யார் என்பதைப் பள்ளியின் பொறுப்பிலேயே விட்டுவிட்டது. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் நடத்தி, சத்துணவுக் கணக்கையும் வருகைப் பதிவையும் எழுதி, எஞ்சிய நேரத்தில் நூலகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சிய நேரம் என்று ஒன்று இருப்பதில்லை என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

'பாடநூலை முடிப்பதற்கே நாள் போதவில்லை. இதில் நூலகம் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பது வேறு. தானே விரும்பிப் படிப்பவனாக ஆவது வேறு. முன்னதைப் பாடநூலால் செய்துவிடலாம். பின்னதைப் பாடநூலால் செய்ய இயலாது. பாடநூலில் எல்லாக் குழந்தைகளும் ஒரே பக்கத்தை ஒரே நாளில் படிக்கின்றனர். படித்து முடித்ததும் வினாக்கள் காத்திருக்கின்றன. கதை நூலையோ குழந்தை தானே தேர்ந்தெடுக்கிறது, தன் விரைவில் படிக்கிறது, பிடித்த பக்கத்திற்குத் திரும்பத் திரும்பப் போகிறது, பிடிக்காவிட்டால் மூடிவைக்கிறது. இந்த உரிமையில்தான் படிப்பு பழக்கமாகிறது. நீச்சல் கற்றவனுக்குக் குளம் வேண்டும். இல்லையேல் கற்ற நீச்சலும் மறந்துபோகும்.

வீட்டில் நூல் இருந்தால் பள்ளி நூலகம் இல்லாமற் போனாலும் குழந்தை பிழைத்துக்கொள்ளும். ஆனால் நம் தொடக்கப் பள்ளிகளுக்கு வரும் குழந்தைகள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளியை எட்டிப் பார்த்தவர்கள் அல்லது எழுத்தறிவு அரும்பிய வீட்டிலிருந்து வருபவர்கள். அவர்கள் வீட்டில் அச்செழுத்து என்று இருப்பவை நாட்காட்டி, குடும்ப அட்டை, மருந்துச் சீட்டு, பாடநூல் ஆகியவையே. அத்தகைய குழந்தைக்குப் பள்ளி அலமாரி ஒன்றே கதவு. அந்தக் கதவு மூடியிருந்தால், ஐந்தாம் வகுப்பு முடியும்போது படிக்கத் தெரிந்தும் படிக்காத ஒருவனை நாம் உருவாக்கி அனுப்புகிறோம்.

கதவு ஏன் மூடியிருக்கிறது? கலைமகள் பூசையன்று நாம் நூல்களை அடுக்கிவைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகிறோம். அன்று ஒரு நாள் எவரும் நூலைத் தொட்டுப் படிப்பதில்லை. மறுநாள் விசயதசமியன்று எடுத்துப் படிக்கிறோம். சில பள்ளி அலமாரிகளில் ஆண்டு முழுவதும் கலைமகள் பூசையே நடக்கிறது. விசயதசமி வருவதே இல்லை. 1987ஆம் ஆண்டில் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தின்கீழ்த் தொடக்கப் பள்ளிகளுக்கு நூல்களும் வழங்கப்பெற்றன. அவ்வாறு வந்த நூல்கள் பல ஆண்டுகளுக்குப் பின்னும் புதுமணம் மாறாமல், ஒட்டிய பக்கங்கள் பிரியாமல் இருக்கக் கண்டிருக்கிறேன். இதை ஆசிரியரின் சோம்பல் என்று கூறுவது நியாயமன்று. இதற்குக் காரணம் அச்சம்.

பதிவேட்டில் 300 நூல்கள் உள்ளன. அலமாரியில் 296 இருக்கின்றன. 'எஞ்சிய 4 எங்கே?' என்று தணிக்கைக்கு வருபவர் கேட்பார். பணிமாறுதல் பெற்றுச் செல்லும்போது, பொறுப்பை ஏற்பவர் ஒவ்வொன்றாக எண்ணிக் குறைவதைச் சுட்டிக் காட்டுவார். குறைந்த நூலின் விலையைக் கைப்பணத்திலிருந்து கட்ட நேரும். வழங்காத நூல் தொலைவதில்லை, கிழிவதும் இல்லை. ஆகவே வழங்காதிருப்பவருக்கு ஒரு தொல்லையும் இல்லை, வழங்குபவருக்கே தொல்லை. இந்த நிலையில் சாவி இடுப்பிலேயே இருப்பதில் வியப்பில்லை.

இவ்வச்சத்தை நீக்குவதற்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி நூலகங்களையும் கருதுகிறது. ஓராண்டில் வழங்கப்பட்டும் எடுத்துப் பார்க்கப்பட்டும் வந்த நூல்களில் 1000க்கு 5 வீதம் குறைவது இயல்பு. நேர்மைக் குறைவாலோ கவனக் குறைவாலோ நேராத வரையில் அவ்விழப்பை ஏற்றுக்கொள்ளலாம் என்பது அவ்விதியின் கருத்து. 1000 ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் மட்டும் எப்படியும் விசாரணை வேண்டும் என்கிறது. இவ்விதி மத்திய அரசின் அலுவலகங்களுக்காக எழுதப்பட்டது. மாநிலத்தின் சிற்றூர்ப் பள்ளியை நேரே கட்டுப்படுத்துவதன்று. எனினும் அதன் உள்ளுறையைக் கவனியுங்கள். இழப்பை அது அலமாரியில் உள்ள நூல்களின் தொகையைக்கொண்டு அளக்கவில்லை. பயன்பட்ட நூல்களின் தொகையைக்கொண்டு அளக்கிறது. 60 குழந்தைகள் உள்ள பள்ளியில், வாரம் ஒரு நூல் வீதம் ஆண்டில் 40 வாரம் வழங்கினால் 2400 முறை நூல் கைமாறும். இந்த அளவுகோலின்படி ஆண்டிற்கு 12 நூல்கள் குறைந்தாலும் அஃது இயல்பே ஆகும். தலைமையாசிரியரும் தணிக்கை செய்பவரும் இக்கணக்கை மனத்தில் கொண்டால், சாவி வைத்திருக்கும் ஆசிரியர் அச்சமின்றி மூச்சு விடுவார்.

நூலகத் துறையில் நம் நாட்டிற்கு வழிகாட்டிய எஸ். ஆர். அரங்கநாதன் அவர்களை இங்கே நினைவுகூர்தல் பொருத்தமாகும். அவர் 1892ஆம் ஆண்டில் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். ஏற்ற சில நாட்களிலேயே, செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை என்று சலித்து, மீண்டும் கல்லூரிக்கே திரும்ப விரும்பினார். பின்னர் இங்கிலாந்து சென்று பயிற்சி பெற்று, பல நூலகங்களைக் கண்டு திரும்பிய பிறகு அவருக்கு வாழ்நாள் முழுவதும் வேலை இருந்தது. 1931ஆம் ஆண்டில் அவர் நூலகத்திற்குரிய ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். அவற்றின் சாரத்தை என் சொற்களில் கூறுகிறேன். நூல் காப்பதற்காக இல்லை, பயன்படுவதற்காக இருக்கிறது. படிக்க வருபவர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும். நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் உயிருள்ளதுபோல் வளர்ந்துகொண்டே இருக்கும். பெரிய பல்கலைக்கழகத்திற்குப் பொருந்தும் இவை, ஓர் அலமாரி மட்டும் உள்ள பள்ளிக்கும் அப்படியே பொருந்துகின்றன. தொடக்கப் பள்ளி நூலகரின் கடமைகளை இவற்றின் வழியே காண்போம்.

முதற் கடமை தேர்வு. 2018ஆம் ஆண்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், அரசுப் பள்ளிகளுக்கு நிலைக்கேற்ப ஆண்டிற்கு 5000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் அளிக்க வகை செய்தது. தொடக்கப் பள்ளிக்குக் கிடைப்பது சிறிய தொகையே. ஆதலின் ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்துப் பார்த்தே வாங்க வேண்டும். முதலிரண்டு வகுப்புகளுக்குப் படமே கதை சொல்ல வேண்டும். பக்கத்திற்கு ஓரிரு வரிகள் போதும். எழுத்து பெரிதாக இருத்தல் வேண்டும். மூன்றாம் வகுப்பிற்குச் சிறு சிறு கதைகள், விடுகதைகள், பாடல்கள் ஏற்றவை. நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குப் பயணக் கதை, பெரியோர் வரலாறு, பறவை, பூச்சி, விண்மீன் ஆகியவற்றைப் பற்றிய நூல்கள் வேண்டும். அழ. வள்ளியப்பா போன்றோர் குழந்தைகளுக்கென்றே எழுதியவை ஒரு பக்கம் இருக்க, பெரியசாமித் தூரன் அவர்கள் பதிப்பாசிரியராக இருந்து 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் நம் மொழிக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். அதில் கூறியுள்ள சில செய்திகள் இன்று பழமையாகிவிட்டன என்றாலும், குழந்தைக்கு எப்படி எழுத வேண்டும் என்பதற்கு அஃது இன்றும் பாடம்.

தேர்வில் ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. நீதி சொல்லும் நூல்களையே நல்ல நூல்கள் என்று எண்ணி அவற்றையே நிரப்பிவிடுகிறோம். நகைச்சுவை நூலும், வேடிக்கைக் கதையும், பேய்க் கதையுங்கூட அலமாரியில் இருக்கலாம். பத்துக் கதைகளைச் சிரித்துப் படித்த குழந்தை பதினோராவதாக நீதிக் கதையையும் எடுக்கும். முதலிலேயே நீதியைக் கொடுத்தால் அலமாரிப் பக்கமே வராது.

இரண்டாம் கடமை ஒழுங்கு. பெரிய நூலகங்களில் நூல்களை எண்களால் பகுக்கும் முறைகள் உண்டு. அரங்கநாதன் அவர்களே 1933ஆம் ஆண்டில் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஏழு வயதுக் குழந்தைக்கு அத்தகைய எண்கள் வேண்டா. நூலின் முதுகில் வண்ணத்தாள் ஒட்டினால் போதும். மிக எளியவை பச்சை, சற்றுக் கடினமானவை மஞ்சள், வளர்ந்தவர்க்கு உரியவை சிவப்பு என்று வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாக அமைத்திருப்பதும் இக்கருத்தை ஒட்டியதே. பெயரே குழந்தையை அடுத்த படிக்கு அழைக்கிறது.

ஒழுங்கினும் இன்றியமையாதது, நூல் கண்ணில் படுவதாகும். அலமாரியில் முதுகு மட்டும் தெரிய நிற்கும் நூலைக் குழந்தை அறியாது. அட்டைப் படமே அதற்கு அழைப்பு. சுவரில் இரண்டு ஆணி அடித்து, குழந்தையின் மார்பளவு உயரத்தில் கயிறு கட்டி, நூல்களைக் கவ்விகளால் தொங்கவிட்டால் அது போதிய காட்சியாகும். வாரத்திற்கு ஒரு முறை நூல்களை மாற்ற வேண்டும். ஆசிரியர் எடுத்துத் தரும் நூலைவிடத் தானே கயிற்றிலிருந்து எடுத்த நூலைக் குழந்தை விரும்பிப் படிக்கிறது. அரங்கநாதன் அவர்கள் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர் தாமே அடுக்குகளிடையே சென்று நூல் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பட்டதாரிக்குத் தந்த அவ்வுரிமையை ஏழு வயதுக் குழந்தைக்குத் தருவதில் நமக்கு ஏன் தயக்கம்?

மூன்றாம் கடமை, குழந்தையையும் நூலையும் சேர்த்துவைத்தல். இதுவே கடமைகளுள் தலையாயது. இதற்கு நூலகர் இரண்டு பக்கமும் அறிந்திருத்தல் வேண்டும். அலமாரியில் உள்ள நூல்கள் அனைத்தையும் அவர் படித்திருக்க வேண்டும். அஃது அரிய செயலன்று. குழந்தை நூலைப் படிக்க அரை மணி நேரம் போதும். அவ்வாறே குழந்தைகள் ஒவ்வொருவரின் விருப்பத்தையும் அறிந்திருக்க வேண்டும். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இருந்தான். பாடநூலில் ஒரு வரியைப் படிப்பதற்குள் வியர்த்துவிடுவான். அவன் வீட்டில் ஆடு வளர்த்தனர். ஆட்டுக்குட்டியைப் பற்றிய பதினாறு பக்க நூல் ஒன்றை எடுத்து, 'இதில் சொல்லியிருப்பது சரிதானா என்று பார்த்துச் சொல்' என்று அவனிடம் தந்தார் எங்கள் ஆசிரியை. மறுநாள் அவன் வந்து, குட்டிக்குப் போடும் தழையைப் பற்றி எழுதியிருப்பது தவறு என்று கூறினான். தவற்றைக் கண்டுபிடிக்க அவன் அந்நூலை எத்தனை முறை படித்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்! அடுத்த மாதம் அவன் மஞ்சள் தாள் ஒட்டிய நூல்களை எடுக்கத் தொடங்கினான்.

நூல் கடினமா எளியதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைத் திறந்து குழந்தையைப் படிக்கச் சொல்ல வேண்டும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்நூலுக்கு இன்னும் சில மாதம் பொறுக்கலாம். ஒரு விரலும் மடங்காவிட்டால் அடுத்த படியைக் காட்டலாம். இவ்வளவையைக் கொண்டு குழந்தையே தனக்கு வேண்டிய நூலைத் தேர்ந்துகொள்ளும்.

இன்னும் படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கு நூலகர் செய்ய வேண்டுவது படித்துக் காட்டுதல். வாரத்தில் இரண்டு நாள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், குழந்தைகள் பாயில் வட்டமாக அமர, நூலை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்து, படத்தைக் காட்டிக் காட்டிப் படிக்க வேண்டும். கதையின் முடிவில் 'இதனால் அறியப்படும் நீதி யாது?' என்று கேட்டலாகாது. கதை முடிந்ததும் அந்நூலை அவர்கள் எட்டும் இடத்தில் வைத்துவிட்டு அகன்றுவிட வேண்டும். கேட்ட கதையையே மீண்டும் எடுத்து, தெரிந்த சொற்களைப் பற்றிக்கொண்டு தெரியாத சொற்களுக்குத் தாவும் குழந்தைகளை அப்போது காணலாம்.

நூலிடம் சென்று விடை தேடும் வழியைக் காட்டுவதும் இக்கடமையைச் சேர்ந்ததே. தூக்கணாங்குருவி கூட்டின் வாயிலைக் கீழ்ப்புறம் ஏன் வைக்கிறது என்று ஒரு குழந்தை கேட்டால், விடை தெரிந்திருந்தாலும் உடனே கூறிவிடக் கூடாது. 'வா, பார்ப்போம்' என்று அலமாரிக்கு அழைத்துச் சென்று, பொருளடக்கத்தைக் காட்டி, அகரவரிசையில் எழுத்தைத் தேடவைத்து, பக்கத்தைக் கண்டுபிடிக்கச் செய்ய வேண்டும். விடையை மறந்தாலும் தேடும் வழியை அக்குழந்தை மறவாது.

நான்காம் கடமை வழங்குதல். நூல் வீட்டிற்குச் செல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்துச் சென்று திங்கட்கிழமை காலை கொண்டுவருவது நல்ல ஏற்பாடு. வீட்டிற்குச் சென்ற நூலைக் குழந்தை மட்டும் படிப்பதில்லை. அம்மா புரட்டிப் பார்க்கிறாள்; தம்பி படம் பார்க்கிறான். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி நாட்டுப்புறக் கதை நூல் ஒன்றை எடுத்துச் சென்று தன் பாட்டிக்குப் படித்துக் காட்டினாள். பாட்டி கேட்டுவிட்டு, 'கதை இப்படியில்லை, நான் சொல்கிறேன் கேள்' என்று வேறொரு கதையைச் சொன்னாராம். அதை அவள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். நாங்கள் அந்த ஏட்டிற்கு அட்டை போட்டு, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஓர் எண் கொடுத்து அலமாரியில் வைத்தோம். அவ்வாண்டு மிகுதியாகக் கைமாறிய நூல்களுள் அதுவும் ஒன்று. நூலகம் வளரும் என்று அரங்கநாதன் அவர்கள் கருதியதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியாது.

வழங்கல் பதிவேட்டில் நாள், பெயர், நூல் எண், திருப்பிய நாள் என்று நான்கு கட்டங்கள் இருந்தால் போதும். அதைப் பார்க்கும் முறையில்தான் நூலகரின் திறம் இருக்கிறது. 'யார் திருப்பித் தரவில்லை?' என்று தேடுவதற்கு முன்னால், 'யார் ஒரு மாதமாக ஒன்றும் எடுக்கவில்லை?' என்று பார்க்க வேண்டும். அப்பெயருக்கு உரிய குழந்தை படிக்கத் தடுமாறுகிறது. அல்லது கண் சரியாகத் தெரியவில்லை. அல்லது வீட்டில் தம்பி தங்கையரைத் தூக்கிவைத்துக்கொள்வதிலேயே மாலைப் பொழுதைக் கழிக்கிறது. மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் ஆசிரியர் பார்க்க வேண்டிய ஏடு அது. எடுத்துச் சென்ற நூலைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வா என்று கட்டளையிடுவதும், தாமதத்திற்குத் தண்டம் வாங்குவதும் தொடக்கப் பள்ளியில் கூடா. இரண்டு ரூபாய்த் தண்டத்திற்கு அஞ்சிய குழந்தை அடுத்த வாரம் நூலே எடுக்காது.

ஐந்தாம் கடமை பேணுதல். வழங்குதலும் பேணுதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கை கழுவித் துடைத்துவிட்டு நூலைத் தொடுதல், பக்கத்தை எச்சில் தொடாமல் மேல்மூலையிலிருந்து புரட்டுதல், காதுபோல் மடிக்காமல் காகிதத் துண்டை அடையாளமாக வைத்தல் ஆகிய மூன்றையும் முதல் மாதத்திலேயே பழக்கிவிட வேண்டும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, செங்கல் மீது நிறுத்தினால் கறையானுக்கு எளிதில் வழி கிடைக்காது. இராமபாணப் பூச்சிக்கு வசம்பையும் உலர்ந்த வேப்பிலையையும் துணியில் முடிந்து வைப்பது நம் முன்னோர் சுவடிகளுக்குச் செய்த காவல். அந்துருண்டை நச்சுப்பொருள், இனிப்பு என்று எண்ணி வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தைகள் உள்ள இடத்தில் அதைத் தவிர்த்தல் நலம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் நூல்களை நிழலில் விரித்து உலர்த்த வேண்டும். கிழிந்தவற்றை ஒட்டுவதை மாணவர்களுக்கே கற்பிக்கலாம். தான் ஒட்டிய நூலைக் கிழிக்கும் குழந்தையை நான் கண்டதில்லை. ஒட்டியும் பயனில்லாதவற்றை உரிய அனுமதி பெற்று நீக்கிவிட வேண்டும். தேய்ந்து கழிந்த நூல் தன் கடமையை முடித்த நூல். அதற்கு வருந்த வேண்டுவதில்லை.

இவ்வளவையும் இரண்டு ஆசிரியர் பள்ளி எப்படிச் செய்யும்? குழந்தைகளைக்கொண்டு செய்யும். நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் வாரத்திற்கு இருவர் வீதம் சிறு நூலகராக அமர்த்தினால், பதிவேட்டை எழுதுவதும் கயிற்றில் நூல் மாற்றுவதும் அவர்கள் வேலையாகும். இப்பொறுப்பைத் தேர்வில் முதல்வராக வருபவருக்கு மட்டும் தருதல் ஆகாது. சுற்றுமுறையில் எல்லாருக்கும் வர வேண்டும். தலைமையாசிரியர் கால அட்டவணையில் வாரம் இரண்டு பாடவேளையை நூலகத்திற்கு ஒதுக்கி, அதை வேறொன்றிற்கும் பறிக்காமல் காக்க வேண்டும். அரசு நடத்தும் ஊஞ்சல் முதலிய சிறுவர் இதழ்கள் வந்த அன்றே குழந்தைகள் கையில் சேர வேண்டும். ஊரில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருந்தால், குழந்தைகளை ஒரு நாள் வரிசையாக அழைத்துச் சென்று உறுப்பினர் ஆக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் நம் மக்கள் செலுத்திவருகின்றனர். ஊரார் வரியால் நடக்கும் நூலகத்தில் ஊர்க் குழந்தைக்குப் பங்கு உண்டு.

இன்று எளியவர் வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் கதையும் பாட்டும் ஓடுகின்றன. அதைப் பழித்துப் பயனில்லை. ஆனால் அது தானே அடுத்ததைக் கொண்டுவந்து காட்டிக்கொண்டிருக்கும். நின்று நினைக்க விடாது. நூலோ குழந்தை புரட்டும் வரையில் காத்திருக்கும். காத்திருக்கும் நண்பன் ஒருவனும் அவ்வயதில் வேண்டும்.

நேயர்களே, சிற்றூர்ப் பள்ளி ஒவ்வொன்றிற்கும் முழுநேர நூலகர் ஒருவரை அமர்த்துதல் உடனே இயல்வதன்று என்பதை அறிவேன். ஆனால் பத்துப் பதினைந்து பள்ளிகளைக் கொண்ட குறுவள மையத்திற்கு ஒருவர் வீதம், குழந்தை நூல்களில் பயிற்சி பெற்ற நூலகரை அமர்த்தலாம். அவர் வாரந்தோறும் பள்ளி பள்ளியாகச் சென்று கதை படித்துக் காட்டலாம், ஒரு பள்ளியின் நூல்களை மற்றொரு பள்ளிக்கு மாற்றித் தரலாம், ஆசிரியர்க்கு வழிகாட்டலாம். இது புதுக் கருத்தன்று. 1931ஆம் ஆண்டிலேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்னும் பெரியவர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்று வட்டாரச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். மாட்டுவண்டியால் அன்று இயன்றது, இத்தனை சாலைகளும் ஊர்திகளும் உள்ள இன்று இயலாது என்று எவரும் கூறமாட்டார்.

அந்நாள் வரும்வரையில், சாவி வைத்திருக்கும் ஆசிரியரே நூலகர். பள்ளியைப் பார்வையிட வரும் அதிகாரிகளுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். 'எத்தனை நூல்கள் இருக்கின்றன?' என்று கேட்பதற்கு முன்னால், நான்கு நூல்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரம் நைந்து, அட்டை தேய்ந்து, ஒட்டுப் போட்டிருந்தால் அப்பள்ளியின் நூலகரைப் பாராட்டுங்கள். நான்கும் புதியனவாக இருந்தால் சினந்துகொள்ளாமல், 'தொலைந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். குழந்தைகளுக்குக் கொடுங்கள்' என்று அவரிடம் கூறுங்கள். அச்சொல்லைக் கேட்ட மறுநாளே அலமாரி திறக்கும்.